முதலில் கரை, அப்புறம் தீவு

கணவன், மனைவி, எட்டு வயதுப் பையன், அறுபத்தெட்டு வயது அம்மா என்று நான்கு பேர். கையில் ஏழு நாள். ஜூலை நடுவில் போகலாம், இல்லாவிட்டால் டிசம்பர் கடைசியில். "வெப்பமண்டலத் தீவுகளில் எது பெஸ்ட்?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கேள்வியின் உயிர் கடைசி வரியில் இருக்கிறது: "போன தடவை நாலு நாளும் மழை, அறைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தோம். மறுபடியும் அப்படி ஆகக் கூடாது." பெயருக்குத் தீவைக் கேட்டாலும், சேர்த்துவைத்த பணத்தையும் லீவையும் வானிலையிடம் பறிகொடுக்காமல் இருக்க வழி உண்டா என்றுதான் கேட்கிறீர்கள். முக்கால்வாசிக்கு வழி உண்டு. மீதிக் கால்வாசி யார் கையிலும் இல்லை. எது எந்தப் பக்கம் என்று பிரித்தே சொல்கிறேன்.

முதல் ஏழு வருடம் தீவுகளில் ஸ்கூபா டைவிங் சொல்லிக்கொடுத்தேன். அதன் பிறகு குடும்பங்களுக்குத் தீவுப் பயணம் திட்டமிட்டுக் கொடுப்பதே தொழில். டைவிங் சொல்லிக்கொடுப்பவருக்குக் காலையில் எழுந்ததும் முதல் வேலை, வாசலில் நின்று காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது. அந்தப் பழக்கம்தான் இன்றுவரை எனக்குச் சோறு போடுகிறது. வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், தெற்கிலிருந்து தென்றல், மேற்கிலிருந்து கோடை என்று திசைக்கொரு பெயர் வைத்த மொழி நம்முடையது. ஆனால் பயணம் என்று வந்ததும் காற்றை மறந்துவிட்டு வெப்பநிலையைத்தான் பார்க்கிறோம். வெப்பமண்டலத் தீவில் கடலோர வெப்பநிலை வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். அதைப் பார்த்து ஒரு முடிவும் எடுக்க முடியாது.

பிலிப்பைன்ஸில் போராகாய் என்று ஒரு சின்னத் தீவு. நீளம் ஏழு கிலோமீட்டர், இடுப்புப் பகுதியில் அகலம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. மேற்குக் கரையில் புகழ்பெற்ற வெள்ளை மணல் கடற்கரை, கிழக்குக் கரையில் புலாபோக். நவம்பரிலிருந்து மே வரை வடகிழக்குக் காற்று. அதற்கு உள்ளூரில் அமிஹான் என்று பெயர். அந்த மாதங்களில் வெள்ளை மணல் கரையில் தண்ணீர் குளம் மாதிரி கிடக்கும், குழந்தையைத் தைரியமாக இறக்கிவிடலாம். அங்கிருந்து குறுக்குத் தெருவில் கால் மணி நேரம் நடந்து புலாபோக்குக்குப் போனால், தொப்பி தலையில் நிற்காது; காற்றாடியைப் பிடித்துக்கொண்டு பலகையில் அலைமேல் பாய்கிறவர்கள் கூட்டமாக இருப்பார்கள். ஜூனில் காற்று தென்மேற்காகத் திரும்பும். அதற்கு ஹபாகத் என்று பெயர். உடனே இரண்டு கரையும் இடம் மாறிக்கொள்ளும். புகழ்பெற்ற கரையில் இருக்கும் உணவகங்கள் மணலும் சாரலும் மேசைக்கு வராமலிருக்க முன்பக்கம் பிளாஸ்டிக் திரை கட்டுவார்கள். விளம்பரத்தில் அந்தத் திரையை நீங்கள் பார்க்க மாட்டீர்கள். தீவு அதே தீவு, பெயரும் அதே பெயர். நீங்கள் பணம் கொடுப்பது எந்தக் கரைக்கு, எந்த மாதத்துக்கு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மலை உள்ள தீவாக இருந்தால் இந்த வித்தியாசம் இன்னும் பயங்கரம். ஹவாயில் கவாய் தீவின் நடுவில் வையாலேயாலே என்ற சிகரம். ஆண்டுக்கு 9,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்யும், உலகிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. அங்கிருந்து முப்பது கிலோமீட்டருக்குள், தென்மேற்குக் கரையில் இருக்கும் கெகாஹாவில் சுமார் 500 மில்லிமீட்டர்தான். வடகிழக்கிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி மேலே ஏறி, குளிர்ந்து, மழையை அந்தப் பக்கமே கொட்டிவிடுகிறது. மலை தாண்டி இறங்குவது வெறுங்காற்று. பள்ளிக்கூடத்தில் மழை மறைவுப் பகுதி என்று படித்தோமே, அதுதான். இதிலிருந்து ஒரு சின்ன விதி: படத்தில் பச்சைப் பசேலென்று அருவியும் பெரணியுமாக இருக்கும் பக்கம் மழை பெய்கிற பக்கம். கள்ளியும் காய்ந்த புல்லும் தெரிகிற பக்கம் வெயில் உறுதியான பக்கம். நாம் பச்சையைப் பார்த்து ஆசைப்பட்டு அறை போட்டுவிட்டு, பிறகு மழையைத் திட்டுகிறோம்.

போகாமலே காற்றின் திசையைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. செயற்கைக்கோள் வரைபடத்தில் அந்தத் தீவின் விமான நிலையத்தைப் பாருங்கள். விமானம் காற்றுக்கு எதிராக ஏறி இறங்க வேண்டும் என்பதால், இடம் அனுமதிக்கும்வரை ஓடுபாதையை வழக்கமான காற்றின் போக்கிலேயே போடுவார்கள். கரீபியனில் பார்படாஸின் ஓடுபாதை ஏறக்குறைய நேர் கிழக்கு மேற்காக இருக்கும், அங்கே வீசுவது கிழக்குக் காற்று. அரூபாவில் திவி-திவி என்ற மரங்கள் எல்லாம் தென்மேற்கே சாய்ந்து, தலைமுடியை ஒரு பக்கமாக வாரிவிட்டதுபோல் நிற்கும், அதுவும் இதே கதைதான். வரைபடத்தைப் பெரிதாக்கினால் இன்னொன்றும் தெரியும்: கரைக்கு வெளியே தூரத்தில் வெள்ளை நுரைக்கோடு, அதற்கு உள்ளே வெளிர்நீலத் தண்ணீர். அலையைப் பவளப்பாறை வெளியிலேயே உடைக்கிறது, உள்ளே சின்னப் பிள்ளைகள் விளையாடலாம் என்று பொருள். நுரை மணலிலேயே வந்து விழுந்தால் அது அலைச்சறுக்குக்காரர்களின் கரை.

அடுத்த தவறு, நாட்டுக்கு நாடு சீசன் பார்ப்பது. "தாய்லாந்துக்கு எந்த மாதம் நல்லது?" என்று கேட்டால் பதிலே கிடையாது. மேற்குக் கரையில் இருக்கும் புக்கெட்டில் மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம். கிழக்கே வளைகுடாவில் இருக்கும் கோ சமூய்க்கு அக்டோபரிலிருந்து டிசம்பர் வரைதான் பெருமழை, அதிலும் நவம்பர் மோசம். டிசம்பரில் ஊரே தாய்லாந்துக்குப் போகிறது என்று கோ சமூய்க்கு அறை போட்டு நனைந்து வந்தவர்கள் எனக்கே பல பேரைத் தெரியும். இலங்கையிலும் இதே கணக்குதான். ஹிக்கடுவ, மிரிஸ்ஸ இருக்கும் தென்மேற்குக் கரைக்கு டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். அங்கே கடல் கொந்தளிக்கும் மே முதல் செப்டம்பர் வரை கிழக்குக் கரையின் நிலாவெளி, பாசிக்குடா பக்கம் கடல் கண்ணாடி போலக் கிடக்கும். செஷெல்ஸில் மே முதல் செப்டம்பர் வரை தென்கிழக்குக் காற்று, தென்கிழக்குக் கரைகளில் கடற்பாசி குவியும். அப்போது மாஹே தீவின் வடமேற்கில் இருக்கும் போ வல்லோன் கரை அமைதியாக இருக்கும்.

சரி, புயல். இதில் உறுதியாகச் சொல்லக்கூடியவை சில உண்டு. பூமத்திய ரேகையிலிருந்து இரண்டு பக்கமும் சுமார் 5 பாகைக்குள் புயல் உருவாவது மிக அரிது. காற்றைச் சுழலவைக்கிற, பூமியின் சுழற்சியால் வரும் விசை அங்கே மிகவும் குறைவு. அட்லாண்டிக், கரீபியன் பக்கம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் காலம், உச்சம் செப்டம்பரில். மொரீஷியஸ், ரீயூனியன், ஃபிஜி பக்கமெல்லாம் தென் அரைக்கோளம் என்பதால் தலைகீழ்: நவம்பர் முதல் ஏப்ரல் வரை. வடமேற்குப் பசிபிக்கில் எந்த மாதமும் வரலாம், ஜூலை முதல் அக்டோபர் வரை அதிகம். இதைத் தாண்டி "இந்தத் தீவுக்குப் புயலே வராது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கரீபியனின் தெற்குப் பக்கம் இருக்கும் கிரெனடாவைப் புயல் பாதைக்கு வெளியே என்றுதான் வெகுகாலம் சொல்லிவந்தார்கள். 2004 செப்டம்பரில் ஐவன் புயல் தீவையே புரட்டிப்போட்டது. 2024 ஜூலை 1 அன்று பெரில் புயல் அதே நாட்டின் கரியாகூ தீவில் கரையேறியது, சீசன் உச்சத்துக்கு வர இன்னும் இரண்டு மாதம் இருந்தது. வழக்கமாக வராது என்பது வேறு, வராது என்பது வேறு.

அப்புறம் அந்தக் கால்வாசி. சராசரி என்பது பல வருடத்துக் கணக்கு; உங்கள் ஏழு நாளில் என்ன நடக்கும் என்பதை ஆறு மாதம் முன்னால் எந்த நிபுணராலும் சொல்ல முடியாது. மூன்று, நான்கு நாளுக்கு முன்பு வரும் முன்னறிவிப்பு ஓரளவு பயன்படும். செல்பேசியில் பத்து நாளுக்கும் வரிசையாகத் தெரியும் மழைமேகப் படத்தைப் பார்த்துப் பதற வேண்டாம். வெப்பமண்டலத்தில் ஏதோ ஒரு மூலையில் அரை மணி நேரம் தூறினாலும் அது அந்தப் படத்தைத்தான் போடும். மாத மழையளவை மட்டும் பார்ப்பதும் அரைகுறைதான். மத்தியானம் ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டு வெளுத்துவிடும் மழை விடுமுறையைக் கெடுக்காது. மழையளவோடு மழை நாட்களின் எண்ணிக்கையையும் காற்றின் வேகத்தையும் சேர்த்துப் பாருங்கள். என் அனுபவத்தில் தீவுப் பயணத்தை மழை கெடுத்ததைவிடக் காற்று கெடுத்ததுதான் அதிகம்: படகு ஓடாது, தண்ணீர் கலங்கும், மணல் கண்ணில் அடிக்கும். சீசன் இல்லாத காலத்தில் போவதே சரி என்று ஆகும் சந்தர்ப்பமும் உண்டு. மாலத்தீவின் பா பவளத்தீவில் ஹனிஃபாரு என்ற சின்ன வளைகுடாவில் மான்டா திருக்கைகள் கூட்டமாக இரை தின்ன வருவது தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில்தான். தண்ணீரைக் கலங்கவைக்கும் அதே மிதவையுயிர்கள்தான் அவற்றின் சாப்பாடு. அதைப் பார்க்க ஆசை இருப்பவர் நனையத் தயாராகத்தான் போக வேண்டும்.

கடல்மட்டம் ஏறி இறங்குவதை யாரும் கேட்பதே இல்லை, நீங்களும் கேட்கவில்லை. இதில் நான் ஒரு முறை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். தொழில் தொடங்கிய புதிதில் ஒரு குடும்பத்துக்கு ஆப்பிரிக்காவை ஒட்டிய சான்சிபார் தீவின் கிழக்குக் கரையில் அறை போட்டுக் கொடுத்தேன். படங்களில் வாசலிலேயே நீலக் கடல். முதல் நாள் காலையில் அந்த வீட்டுப் பெரியவர் போன் செய்தார். "தம்பி, கடலைக் காணோம்." விளையாடுகிறார் என்று நினைத்தேன். அவர் நின்ற இடத்திலிருந்து பவளப்பாறைவரை கடல் உள்வாங்கிப் போயிருந்தது. வெறும் ஈர மணல், அங்கங்கே குட்டை, கடல்முள்ளெலி. தூரத்தில் உள்ளூர்ப் பெண்கள் குனிந்து, முளையடித்துக் கட்டிய கயிற்றில் வளர்த்த கடற்பாசியை அறுத்துக்கொண்டிருந்தார்கள். அன்று பௌர்ணமிக்கு மறுநாள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் இறக்கமும் உச்சத்தில் இருக்கும். அந்தக் கரையில் அப்போது கடல்மட்டம் மூன்று மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும், கரை சமதளமாக இருப்பதால் தண்ணீர் வெகுதூரம் போய்விடும். சுமார் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒரு முறை கடல் ஏறும், அதனால் நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். முதல் இரண்டு நாள் அவர்களுக்குக் குளிக்கக் கிடைத்ததெல்லாம் விடிகாலையும் சாயங்காலமும்தான். அதே தீவின் வடமுனையில் நுங்குவியில் போட்டிருந்தால் இவ்வளவு தொல்லை இல்லை. அன்றிலிருந்து அறை போடும் முன் தேதியையும் நிலவையும் சேர்த்துப் பார்க்கிறேன். கரீபியனில் இந்தக் கவலை வேண்டாம், பெரும்பாலான இடங்களில் அரை மீட்டர்கூட ஏறி இறங்காது. பசிபிக்கில் இருக்கும் தஹிதி தீவு இன்னும் வேடிக்கை: அங்கே சந்திரன் சொல்லைக் கடல் கேட்பதில்லை, சூரியனின் இழுப்பே மேலோங்குவதால் தினமும் நண்பகலையும் நள்ளிரவையும் ஒட்டியே கடல் ஏறும்.

ஏழு நாள் என்கிறீர்கள். போக ஒன்று, வர ஒன்று கழித்தால் ஐந்து. இதில் இரண்டு தீவு என்று திட்டமிட்டால் பெட்டி கட்டுவதும் படகுக்குக் காத்திருப்பதுமாக இன்னொரு நாள் காலி. ஒரே தீவு, ஒரே அறை போதும். விமான நிலையத்திலிருந்து விடுதிக்கு எப்படிப் போகிறோம் என்பதை விமான டிக்கெட்டுக்கு முன்னால் பாருங்கள். மாலத்தீவில் கடல்விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும். நீங்கள் சாயங்காலம் போய் இறங்கினால் முதல் இரவு தலைநகர் பக்கம்தான், விடுதிக் கட்டணம் கட்டியிருந்தாலும். திரும்பும்போது படகு ஏறித்தான் விமான நிலையத்துக்குப் போக வேண்டும் என்றால், கடைசி இரவை விமான நிலையம் இருக்கும் தீவில் கழியுங்கள். காற்று அடித்தால் முதலில் நிற்பது படகுதான். டைவிங் ஆசை இருந்தால் அதை வாரத்தின் தொடக்கத்தில் வையுங்கள்: ஒரே ஒரு சாதாரண டைவ் என்றால் விமானம் ஏற 12 மணி நேரம், பல முறை இறங்கியிருந்தால் 18 மணி நேரம் இடைவெளி வேண்டும் என்பது டைவிங் பாதுகாப்பு விதி. நான் எல்லோரிடமும் 24 என்றே சொல்வேன். விமானத்துக்குள் காற்றழுத்தம் ஏறக்குறைய 2,400 மீட்டர் உயரமுள்ள மலைமேல் இருப்பதுபோலக் குறையலாம், உடலில் கரைந்திருக்கும் நைட்ரஜன் அப்போது குமிழாகும். மலை ஏறினாலும் இதே ஆபத்துதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஹவாயின் மௌயியில் காலையில் டைவ் அடித்துவிட்டு மத்தியானமே காரில் 3,055 மீட்டர் ஹலேயாகலா உச்சிக்குக் கிளம்பிய இருவரை வாசலில் மறித்து உட்காரவைத்திருக்கிறேன்.

மற்றவை சுருக்கமாக. வெயிலுக்குக் களிம்பைவிட முழுக்கை நீச்சல் சட்டை மேல்; முகம் கீழே வைத்து மிதக்கும்போது முதுகுதான் வெந்துபோகும். ஹவாயில் 2021 முதல் பவளத்துக்குக் கெடுதலான ஆக்ஸிபென்சோன், ஆக்டினோக்ஸேட் கலந்த களிம்பை விற்கத் தடை, பசிபிக் தீவு நாடான பலாவு 2020லேயே தடை போட்டுவிட்டது. டெங்குக் கொசு பகலில் கடிக்கும், கொசுவலையை மட்டும் நம்ப முடியாது. பயணக் காப்பீட்டை டிக்கெட் எடுத்த கையோடு எடுங்கள். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு எடுத்தால் அந்தப் புயலுக்குப் பொதுவாகப் பணம் வராது. பாலி யோசனை இருந்தால் நியேபி என்ற அவர்களுடைய மௌன நாளைப் பாருங்கள், பெரும்பாலும் மார்ச்சில் வரும். அன்று விமான நிலையமே 24 மணி நேரம் மூடியிருக்கும், விடுதியை விட்டு வெளியே கால் வைக்க முடியாது.

உங்களுக்கு என் பதில் இதுதான். ஜூலை என்றால் மொரீஷியஸின் மேற்குக் கரை, ஃபிளிக் அன் ஃபிளாக் பக்கம். புயல் காலம் இல்லை, தென்கிழக்குக் காற்றுக்கு மறைவு, தீவைச் சுற்றிப் பெரும்பாலும் பவளப்பாறை இருப்பதால் பையனுக்கு அமைதியான தண்ணீர், படகு மாற வேண்டாம், காரில் சுமார் ஒரு மணி நேரத்தில் விடுதி. குறையும் உண்டு: அது அங்கே குளிர்காலம், கடல் 22, 23 டிகிரிதான் இருக்கும், அம்மாவுக்குத் தண்ணீர் சில்லென்று இருக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீர்தான் வேண்டும் என்றால் நிலாவெளி. டிசம்பர் கடைசி என்றால் புக்கெட், அல்லது இலங்கையின் தென்மேற்கில் பாறை மறைவு உள்ள உனவட்டுன போன்ற கரை. புக்கெட்டில் பெரிய மருத்துவமனைகள் உண்டு என்பது உங்கள் குடும்பத்துக்கு ஒரு கூடுதல் காரணம். ஜூலையில் அதே புக்கெட்டைச் சொல்ல மாட்டேன். மேற்குக் கரையில் அப்போது ஆளை உள்ளே இழுக்கும் நீரோட்டம் அதிகம், சிவப்புக் கொடி போட்டிருந்தால் முழங்கால் அளவுகூட இறங்கக் கூடாது.

அம்மாவுக்கு முழங்கால் வலி என்று ஒரு வரி போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். நான் மருத்துவன் இல்லை, அவர் பறக்கலாமா, எந்த மாத்திரை எடுத்துப்போவது என்பதை அவருடைய மருத்துவரிடமே கேளுங்கள். ஆனால் விடுதிக்கு இதை மட்டும் எழுதிக் கேளுங்கள்: படகு ஏற இறங்கத் துறைமேடை உண்டா, இல்லை முழங்கால் தண்ணீரில் இறங்கி நடக்க வேண்டுமா? கடல் வற்றிய நேரத்தில் மேடைக்கும் படகுக்கும் எத்தனை அடி இறக்கம்? அறை எத்தனையாவது மாடி, அறையிலிருந்து மணலுக்கு எத்தனை படி? எண்ணிச் சொல்கிற விடுதியில் அறை போடுங்கள். "நோ ப்ராப்ளம்" என்று ஒரே வரியில் பதில் போட்டால் அடுத்த விடுதியைக் கேளுங்கள்.